வெள்ளை ஜப்லாவில் ஒரு மஞ்சள் வெளிச்சம்

போன சனிக்கிழமை ஒரு ஜப்லாவிடம் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

'கொஞ்சம் வெள்ளையாக இரேன்...' என்று.

குழந்தை பிறந்த பிறகு தூக்கம் குறைந்திருப்பது உண்மைதான். ஆனால் நிலைமை அவ்வளவு மோசமில்லை. மகளுக்குத் தைக்கப் போய், மெல்லிய மல் துணியில் ஜப்லா தைக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது எனக்கு. பின்னால் முடிச்சு, நெஞ்சில் சின்னதாக ஒரு எம்ப்ராய்டரி வாத்து. தோழிகள் கேட்டார்கள், கொடுத்தேன். அதில் ஒன்று மாங்காட்டில் ஒரு பெண்ணின் கண்ணில் பட்டது. பிறந்த குழந்தைகளுக்கான பரிசுப் பெட்டி தயாரித்து ஆன்லைனில் விற்பவர்.

"சிஸ், எனக்கு ரெகுலரா வேணும். ஒயிட் பேக்ரவுண்ட்ல நல்லா போட்டோ எடுத்து அனுப்புங்க. ஞாயித்துக்கிழமை முடிவு பண்ணிடுவேன். இன்னும் ரெண்டு பேர் கேட்டிருக்காங்க" என்றார்.

திங்கட்கிழமை எனக்கு லீவு முடிகிறது. இந்த ஆர்டர் கிடைத்தால் சம்பளமில்லா லீவை நீட்டித்துத் தையலைத் தொடர்வது. கிடைக்காவிட்டால் ஏழு மாதக் குழந்தையை விட்டுவிட்டு அம்பத்தூரில் இருக்கும் ஆபீசுக்குக் கிளம்புவது. எனக்கும் கணவருக்கும் இதுதான் ஒப்பந்தம். ஆக, என் மகள் பகலில் யார் மடியில் இருப்பாள் என்பதை ஒரு போட்டோ முடிவு செய்யப் போகிறது. பதற்றம் வருமா, வராதா?

வீட்டிலேயே ஸ்டூடியோ அமைப்பது எப்படி என்று வீடியோக்கள் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரே வசனம் — 'தேவையான பொருட்கள் உங்கள் வீட்டிலேயே இருக்கின்றன!' அவர்கள் வீட்டில் இருந்திருக்கும். நான் அண்ணனூர் ஸ்டேஷன் பக்கத்து ஸ்டேஷனரி கடைக்குப் போய் வெள்ளை சார்ட் பேப்பர் கேட்டேன்.

"ஸ்கூல் புராஜெக்ட்டா மேடம்? பாப்பா எத்தினாவது படிக்கிது?"

"ஏழு மாசம்" என்றேன்.

கடைக்காரர் பேப்பரைச் சுருட்டிக் கொடுத்தார்.

சுவரில் ஒட்டி, மடிப்பு விழாமல் மேஜை வரை வளைத்து இறக்கினேன். ஜன்னலுக்கு பட்டர் பேப்பர், வெயில் பளிச்சென்று அடிக்காமல் இருக்க. எதிர்ப் பக்கம் வெளிச்சத்தைத் திருப்பியடிக்க ஒரு தெர்மாகோல் அட்டை. அந்த அட்டையை என் மகள் பார்த்த பார்வை சரியில்லை. ஒரு துண்டு வாய்க்குள் போனால் என்ன ஆகும்? கூகுளில் தேடினேன். தேடியிருக்கக் கூடாது. தெர்மாகோல் பரணுக்குப் போனது, அதன் இடத்தில் வெள்ளை உறை போட்ட தலையணை நின்றது.

எடுத்தேன். வாத்து அழகாக வந்தது. துணியின் நெசவுகூடத் தெரிந்தது. ஆனால் கீழே இடது ஓரத்தில் லேசாக ஒரு மஞ்சள். வேறு ஜப்லாவை வைத்தேன். அதே இடத்தில் அதே மஞ்சள். வைத்திருந்த அத்தனையையும் எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும்!

"ஒயிட் பேலன்ஸ்" என்றார் கணவர், லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல். "வேற இன்னாவா இருக்கும்?"

போன் கேமராவில் நிறத்தைச் சரிசெய்யும் அந்த செட்டிங்கை நகர்த்தினேன். ஜப்லா நீலமானது. மஞ்சள் பச்சையானது.

அப்போதுதான் உறைத்தது — எங்கள் ஹால் சுவரே மஞ்சள் பெயின்ட்! அதுதான் துணியில் பிரதிபலிக்கிறது. இதைக் கண்டுபிடித்த பெருமையில், பீரோவிலிருந்து ஒரு வேட்டியை எடுத்து இடது சுவரை மூடினேன்.

"ஏய், அது என் கல்யாண வேட்டி."

"பரவால்ல, அழுக்காகாது. ஆணிய நல்லா அடிங்க."

மஞ்சள் போகவில்லை. அடுத்த சந்தேகம் பல்பு மீது. அதைக் கழற்றிவிட்டு, பகல் வெளிச்சம் போல எரியும் டேலைட் பல்பு வாங்கிவர அவரை அனுப்பினேன். அந்த நேரம் பார்த்து சமையலறையிலிருந்து வந்தார் என் மாமியார். அண்ணனூர் ஊருக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர். கரூரிலிருந்து வந்த என்னிடம் இதுவரை ஒரு சண்டை போட்டதில்லை. அதுவே எனக்குக் கொஞ்சம் பயம்.

"இன்னாமா, காலைலேர்ந்து அந்தத் துணிய மொறச்சிகினே கீற?"

"மஞ்சளா தெரியுது அத்தை. வெளிச்சம் எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுன்னே புரியல."

எட்டிப் பார்த்தார்.

"வெளிச்சமா? மஞ்சதாம்மா அது. நாந்தான் வெச்சேன்."

ஜப்லாவை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன்.

"புதுத் துணியாச்சே. அதுவும் பச்சப் புள்ளைங்கோ போடறது. மஞ்ச வெக்காம வெளிய அனுப்புவாங்களா? நீ வியாபாரம் பண்றியேன்னு உள்பக்கமாதான் வெச்சேன். வெளிய தெரியாது."

மல் துணியில் உள்பக்கம் என்று ஒன்று உண்டா?

எங்கள் வீட்டிலும் தீபாவளிப் புடவைக்கு ஓரத்தில் மஞ்சள் வைத்துதான் கட்டுவோம். தெரியாத வழக்கமில்லை. ஆனாலும், ஒரு நாள் முழுக்க நான் வெளிச்சத்தைத்தான் சந்தேகப்பட்டேன். துணியை ஒரு முறை திருப்பிப் பார்க்கத் தோன்றவே இல்லை.

"இந்தா, டேலைட்டு" என்று கணவர் பல்போடு உள்ளே வந்தார். யாரும் வாங்கிக்கொள்ளவில்லை.

கோபப்படலாமா? முகம் தெரியாத பிள்ளைகளுக்காக அத்தை செய்தது அது. கோபப்படாமல் இருக்கலாமா? மறுநாள் ஞாயிறு. புதிதாகத் தைக்கத் துணியும் இல்லை. ஒரு ஜப்லாவுக்கு மட்டும் சோப்புப் போட்டுப் பார்த்தேன். மஞ்சள் சிவப்பானது. மற்றவற்றைத் தொடவில்லை.

கடைசியில் ஒரு எடிட்டிங் ஆப்பை இறக்கி, போட்டோவில் மஞ்சள் இருந்த இடத்தை விரலால் தேய்த்தேன். மறைந்துவிட்டது. இது பொய்யா? அனுப்பப் போவது புதிதாகத் தைக்கும் ஜப்லாதானே, அதில் மஞ்சள் இருக்காதே? அப்படியானால் பொய் இல்லையோ? இப்படியே யோசித்து, ஞாயிறு காலை கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினேன்.

உடனே போன் வந்தது.

"சிஸ், தப்பா எடுத்துக்காதீங்க. இது நீங்க எடுத்த போட்டோதானா? நெட்லேர்ந்து எடுத்த மாதிரியே இருக்கு. ஏற்கெனவே ஒருத்தவங்க இப்படித்தான் அனுப்பிச்சு ஏமாத்திட்டாங்க. சும்மா கையில புடிச்சு ஒண்ணு எடுத்து அனுப்புங்க. இப்பவே."

இப்பவே! சார்ட் பேப்பரின் ஒரு முனை மகளின் கையிலும் மறு முனை அவள் வாயிலும் இருந்தது. ஜப்லாவைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடினேன்.

"அத்தை, இதக் கொஞ்சம் புடிங்க."

"என் மூஞ்சி வந்துரும்மா, தலகூட வாரல."

"மூஞ்சி வராது அத்தை. கை மட்டும்."

டியூப்லைட் வெளிச்சம். பின்னால் குக்கர், மேலே தொங்கும் வடிகட்டி. நடுவில் ஜப்லா, ஓரத்தில் பட்டவர்த்தனமாக மஞ்சள். பிடித்திருந்த கட்டைவிரலும் மஞ்சள். அனுப்பிவிட்டேன். 'அந்தக் கறை என்னவென்றால்...' என்று டைப் செய்தேன். அழித்தேன். மறுபடி டைப் செய்தேன். அதற்குள் பதில் வந்துவிட்டது.

'மாமியாரா சிஸ்? மஞ்சள் வெச்சிருக்காங்க போல, சூப்பர். உங்களுக்கே ஆர்டர், மாசாமாசம். ஒண்ணே ஒண்ணு. எனக்கு அனுப்புறதுல மட்டும் மஞ்சள் வேணாம். ஒவ்வொரு வீட்லயும் அதை வைக்க ஒருத்தர் காத்துட்டு இருப்பாங்க. எங்க வீட்ல யார் வைக்கிறதுன்னு சண்டையே நடந்துச்சு.'

இரண்டு முறை படித்துவிட்டு, மனம் மாறுவதற்குள் லீவு நீட்டிப்புக்கு மெயில் அனுப்பினேன். மகள் மடியில் உட்கார்ந்து சார்ட் பேப்பரை மென்றுகொண்டிருந்தாள். அதைப் பிடுங்கினேன்.

யோசித்துப் பார்த்தால், வெள்ளைப் பின்னணி என்பது என்ன? இந்தப் பொருளுக்குப் பின்னால் ஒரு வீடே கிடையாது, குக்கர் கிடையாது, மாமியார் கிடையாது என்று காட்டுவதுதானே? நாமும் வளைத்து வளைத்து மறைக்கிறோம். வாங்குபவர்களோ, அதில் ஒரு மனிதக் கை தெரிகிறதா என்று தேடுகிறார்கள்.

இந்தத் தத்துவத்தையெல்லாம் அத்தையிடம் சொல்லவில்லை. விஷயத்தை மட்டும் சொன்னேன்.

"அப்போ நான் மஞ்ச வெக்கக் கூடாதா?"

"அவங்கவங்க வீட்ல வெச்சுக்குவாங்களாம் அத்தை."

"வெச்சிக்கட்டுமே, யார் வேணான்னா? ரெண்டு தபா வெச்சா புள்ளைக்கு இன்னா ஆயிடப் போவுது?"

ஆர்டர் கிடைத்துவிட்டது. அத்தையின் அனுமதிதான் இன்னும் கிடைக்கவில்லை.