பிரசவ அறைக் கடிகாரம்

தொண்ணூறுகளின் கடைசியில், அமரவிளைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் கம்பியில்லாக் கடிகாரங்களைப் பொருத்தியிருந்தேன். ஆபீசிலுள்ள தாய்க் கடிகாரம் ரேடியோ அலையில் நேரத்தை அனுப்பும். மற்றவை அதைப் பார்த்து முள்ளைத் திருத்திக்கொள்ளும். பிரசவ அறையில் இருந்தது மட்டும் மற்றவற்றோடு நேரம் சேரவில்லை என்று கூப்பிட்டார்கள்.

நான் வராந்தாவில் காத்திருந்தபோது உள்ளே பிள்ளை அழுதது. "பதினொண்ணு பத்து" என்றது ஒரு குரல். பிறகுதான், "பெண்ணு." அந்தக் குரலுக்குரிய நர்ஸ் எப்போதும் நேரத்தைத்தான் முதலில் சொல்வாராம். காதோரம் நரைத்தவர், கழுத்தில் சின்னச் சிலுவை.

அறை ஒழிந்ததும் கடிகாரத்தைக் கழற்றினேன். பின்னால், ஏரியலை மறைத்து ஒரு பிஸ்கட் டின்னின் மூடி. இரும்பு அலையைத் தடுக்கும், எதையும் பக்கத்தில் வைக்காதீர்கள் என்று பொருத்தும்போது அந்த நர்ஸிடம் சொல்லியிருந்தவன் நானேதான்.

"நீங்க வச்சதா சிஸ்டர்?"

"நான்தான் மக்கா. கரண்டு போய் வந்தா சரியான நேரத்தப் பிடிக்க முள்ளு கிடந்து ஓடுது. அது ஓடும்போ ஒருநாள் ஒரு பிள்ள பிறந்துட்டு. ஜாதகம் எழுத நேரம் கேட்டாவ. நான் என்னத்த சொல்லுவேன்? இப்போ ரேடியோ செய்தி கேட்டு நானே திருப்பி வைக்கியேன்."

"உங்களுக்கு ஜாதகத்துல நம்பிக்கை உண்டா?"

"எனக்கா? இல்ல. ஆனா பிறந்த நேரம் அந்தப் பிள்ளைக்க சொத்தாக்கும். அதுல யாரும் கை வைக்கப்பிடாது."

மூடியைப் பழையபடி வைத்துக் கடிகாரத்தை மாட்டினேன். ஆபீசில் விசாரித்தார்கள். கோளாறு இல்லை என்றேன். அப்படியானால் ஏன் சேரவில்லை என்றார்கள். கோளாறு என்று சொல்லாவிட்டால் அந்த மூடிக்கு வேறு என்ன பெயர் சொல்வது என்று இன்றும் யோசிக்கிறேன்.