வாயில் வராத ‘வாங்க’

பூதலூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து எனக்குத் ‘திமிர் பிடிச்சவ’ என்று பெயர். வீட்டுக்கு வருபவர்களைப் பார்த்து ‘வாங்க’ என்று சொல்ல எனக்கு வாய் வராது. எனக்கு ஐம்பது வயது தாண்டிய பிறகு, செல்போன் வீடியோவில் ஆட்டிசம் பற்றி ஒரு டாக்டர் பேசினார். என்னையே சொல்வதுபோல் இருந்தது.

தஞ்சாவூரில் டாக்டரிடம் காட்டிக் கேட்கலாமா என்றேன். “வெளிய தெரிஞ்சா நம்ம பொண்ண யாரு கட்டிக்குவாங்க?” என்றார் கணவர். விட்டுவிட்டேன்.

போன மாதம் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். காலையிலிருந்தே சொல்லிப் பார்த்திருந்ததால், வாசலிலேயே “வாங்க, வாங்க” என்றுவிட்டேன். காபித் தட்டோடு வந்த மகள் தரையைப் பார்த்தபடி நின்றாள்.

“பொண்ணு வாங்கன்னுகூட சொல்லலையே” என்றார் மாப்பிள்ளையின் அத்தை.

இனி டாக்டரிடம் போனால் நானும் மகளுமாகத்தான் போக வேண்டும். அந்தத் தைரியம் இன்னும் வரவில்லை. அதுவரை, கண்ணாடி முன் நிறுத்தி அவளுக்கும் ‘வாங்க’ சொல்லப் பழக்குகிறேன்.