அக்காவுக்கு மட்டும் போட்ட படம்

பதின்ம வயதுப் பிள்ளைகளைப் பெரியவர்களுக்கான படங்கள் பார்க்க விடலாமா கூடாதா என்று என் வயதுக்காரர்கள் வாட்ஸ்ஆப் குழுக்களில் மோதிக்கொள்ளும்போது நான் வாய் திறப்பதில்லை. அதை நடுநிலை என்று எண்ணி என்னை மதிக்கிறவர்கள் இரண்டு மூன்று பேர் உண்டு. அந்த மதிப்பை நானாகக் கெடுத்துக்கொள்வதில்லை. உண்மை என்னவென்றால், இந்த விஷயத்தில் கருத்து இருக்கவேண்டிய இடத்தில் எனக்கு இருப்பது பொறாமை. பதின்மூன்று வயதில், மலேசியாவின் பத்து பாகாட்டில், எங்கள் வீட்டின் பக்கச் சன்னலுக்கு அடியில் பிடித்தது. தலை நரைத்த பிறகும் விட்டபாடில்லை.

எங்கள் வீட்டுத் தணிக்கை அதிகாரி அப்பா. மற்ற நேரங்களில் தண்ணீர் இலாகாவில் கிராணி, அதாவது குமாஸ்தா. அரசாங்க உத்தியோகஸ்தர் ஆகையால் தணிக்கையையும் கோப்பு பார்க்கிற மாதிரியே செய்வார். அப்போது ஜொகூரில் வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை, வியாழக்கிழமை அரை நாள். வீடியோ கடையில் எடுத்து வந்த நாடாவை, நாங்கள் வியாழன் பிற்பகல் டியூஷனுக்குப் போயிருக்கும்போது அவர் தனியாகப் போட்டு முதலிலிருந்து கடைசிவரை பார்ப்பார். வீடியோப் பெட்டியின் முகத்தில் நான்கு இலக்க எண் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். பிள்ளைகள் பார்க்கக் கூடாத கட்டம் எந்த எண்ணில் தொடங்கி எந்த எண்ணில் முடிகிறது என்று சட்டைப் பையில் இருக்கும் சின்ன நோட்டில் குறித்துக்கொள்வார். வெள்ளிக்கிழமை மதியம் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கும்போது அந்த எண் வந்ததும் ரிமோட் பொத்தானை அழுத்தி வேகமாக ஓட்டிவிடுவார்.

மரத்தடியில் ஒருவரை ஒருவர் பார்த்து நின்ற கதாநாயகனும் கதாநாயகியும் திடீரென்று வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே புற்று கலைந்த எறும்புகள்போல விறுவிறுவென்று ஓடுவார்கள். மறுபடி வேகம் குறையும்போது அவர்கள் கையில் ஒரு குழந்தை இருக்கும். காதலுக்கும் குழந்தைக்கும் நடுவில் இருப்பது வெள்ளைக் கோடுகள் என்று நான் நெடுநாள் நம்பியிருந்தேன்.

ஓட்டவேண்டிய கட்டத்தைக் குறிக்க வேண்டுமானால் யாராவது ஒருவர் அதை ஓட்டாமல் பார்த்தாக வேண்டும் என்பது எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. இருந்தாலும் அப்பா பெரியவர். போகட்டும் என்று விட்டுவைத்திருந்தேன். அக்கா விஷயம் அப்படியல்ல. என்னைவிட நான்கு வயதுதான் மூத்தவள். அவளுக்குத் தனி அறை உண்டு, கைக்கடிகாரம் உண்டு, ரவூப்பிலிருந்து வரும் சித்தி தனியாக உட்காரவைத்துக் குசுகுசுவென்று பேசும் பெருமையும் உண்டு. எனக்கு இதில் எதுவும் கிடையாது. ஆனால் வெள்ளைக் கோடுகளுக்கு முன்னால் நாங்கள் இருவரும் சமம். ஒரே பாயில் உட்கார்ந்து ஒரே கோடுகளைத்தான் பார்த்தோம். என் தன்மானம் அந்த ஒரு பாயின்மேல்தான் நின்றுகொண்டிருந்தது.

ஐந்தாம் படிவத் தேர்வு முடிவு வந்த சில மாதங்களில் அக்காவுக்கு, நாங்கள் ஜேபி என்று சொல்லும் ஜொகூர் பாருவின் மருத்துவமனையில் தாதிப் பயிற்சிக்கு இடம் கிடைத்துக் கடிதம் வந்தது. மூன்று வருடம், விடுதியில் தங்க வேண்டும். அப்பா கையெழுத்துப் போட்ட சம்மதப் படிவத்தை, எங்கள் பேச்சில் பாரத்தை, இரண்டு வாரத்துக்குள் அனுப்ப வேண்டும். அக்கா அந்தக் கடிதத்தை எத்தனை முறை படித்தாளோ, மடிப்புகளில் கிழியத் தொடங்கிவிட்டது. பாரம் மட்டும் கையெழுத்தில்லாமல் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகியிருந்தது. காரணம் யோங் பெங்கிலிருந்த பெரியப்பா. ரப்பர் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர். வயசுப் பெண்ணை ஜேபிக்கு அனுப்பி விடுதியில் போடுவதா, எதிரே சிங்கப்பூர் வேறு இருக்கிறதே என்று தொலைபேசியில் சொன்னவர், ஆளனுப்பியும் சொன்னார். அண்ணன் தொலைபேசியில் பேசினால்கூட எழுந்து நின்று கேட்கிறவர் எங்கள் அப்பா. அக்கா தினமும் சாமி கும்பிடுகிற சாக்கில் பாரத்தை எட்டிப் பார்த்துவிட்டு வருவாள்.

இப்படி இருக்கையில் ஒரு வெள்ளிக்கிழமை, சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் அம்மா என்னிடம் காசைக் கொடுத்து, தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையில் நாலு ரொட்டி சானாய் வாங்கி வரச் சொன்னாள்.

"மெதுவாவே போயிட்டு வா. ஒன்னும் அவசரம் இல்ல."

என்னை அனுப்புகையில் அவசரம் இல்லை என்று அந்த வீட்டில் யாரும் அதுவரை சொன்னதில்லை. அக்காவைப் பார்த்தேன். வழக்கமான பாயில் அவள் இல்லை. நாற்காலியில், அப்பாவுக்குப் பக்கத்தில் உட்காரவைக்கப்பட்டிருந்தாள். நான் செருப்பு மாட்டும்போதே பின்னால் கதவுத் தாழ்ப்பாள் விழுந்தது.

அம்மாவின் கணக்கு சரியான கணக்குதான். வெள்ளிக்கிழமை மதியம் மாமாக் கடைக்காரர்கள் எல்லாரும் தொழுகைக்குப் போயிருப்பார்கள், இரண்டு மணிக்கு மேல்தான் அடுப்பு பற்றவைப்பார்கள். அதுவரை நான் கடைவாசலில் காத்துக் கிடப்பேன் என்று நினைத்திருக்கிறாள். பூட்டிய கடையைப் பார்த்த பிள்ளை திரும்பி வரும் என்று அவள் நினைக்கவில்லை. நான் திரும்பினேன். முன்வாசலுக்குப் போகாமல் பப்பாளி மரத்தைச் சுற்றிக்கொண்டு பக்கச் சன்னலுக்கு வந்தேன். பட்டை பட்டையாகத் திறக்கும் கண்ணாடிச் சன்னல். கீழ்ப் பட்டைகள் இரண்டு சரியாக மூடாது. அந்த இடுக்கு வழியாகத் தொலைக்காட்சியில் முக்கால் பங்கும் அக்காவின் முகத்தில் பாதியும் தெரிந்தன; தலையைச் சாய்த்தால் அப்பாவும் அம்மாவும்கூடத் தெரிந்தார்கள்.

படத்தில் ஊரிலிருந்து வேலைக்கு வந்த ஒரு பெண் பட்டணத்தில் விடுதியில் தங்கியிருக்கிறாள். ஒருவன் காரில் வந்து இறங்குகிறான். இனிமையாகப் பேசுகிறான். மழையில் நனையாதே, ஏறிக்கொள் என்கிறான். அவள் ஏறுகிறாள். எந்த இடத்தில் எறும்பு ஓட்டம் தொடங்கும் என்று இத்தனை வருட அனுபவத்தில் எனக்குத் தெரியாதா? அப்பாவின் கட்டைவிரலைப் பார்த்தேன். அது பொத்தான்மேல் இருந்தது, அழுத்தவில்லை. ஒரு ஓட்டல் அறைக்குள் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து இழுக்கிறான். அவள் வேண்டாம் என்கிறாள். கதவு சாத்தப்படுகிறது. பொத்தான் அழுத்தப்படவில்லை. பிறகு அவள் அழுகிறாள், யார் யாரிடமோ போய் நிற்கிறாள், அவன் அவளைத் தெரியவே தெரியாது என்கிறான். படம் முடியும்வரை ஒரே ஒரு வெள்ளைக் கோடுகூட வரவில்லை.

அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா திரையைப் பார்த்ததாகத் தெரியவில்லை. அடிக்கடி அக்காவைப் பார்ப்பதும் சட்டென்று மின்விசிறியைப் பார்ப்பதுமாக இருந்தார். படம் முடிந்தும் யாரும் எழவில்லை.

"புரிஞ்சிச்சா?" என்றாள் அம்மா.

"புரிஞ்சிச்சும்மா."

அப்பா தொண்டையைச் செருமினார். "யாராச்சும் கார்ல ஏறச் சொன்னா…"

"ஏற மாட்டேம்பா."

அவ்வளவுதான் பேச்சு. வெளியே நான் பொருமினேன். முழுப் படம்! நாற்காலியில் உட்காரவைத்து! அவளுக்கு மட்டும்! அப்படி ஒரு கௌரவம் எனக்கு நடந்திருந்தால் மறுநாள் பள்ளிக்கூடத்தில் பள்ளித் தலைமை மாணவனைப் போல நடந்திருப்பேன். அவளோ பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

கடை திறந்து ரொட்டி வாங்கி வந்து, சாப்பிடும்போது விசாரித்தேன்.

"எப்படி இருந்துச்சு படம்?"

"தலவலியா இருந்துச்சு. தின்னுட்டுப் போடா."

வீட்டில் தினமும் பிரியாணி செய்கிறவர்கள் பிரியாணியைப் பற்றி இப்படித்தான் சலித்துக்கொள்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து அவள் தலைவாரினாலும் கோபம் வந்தது, கடிகாரத்தைப் பார்த்தாலும் கோபம் வந்தது. நான்கு நாள் அவளோடு பேசவில்லை. அவள் அதைக் கவனிக்கவும் இல்லை. அது ஐந்தாவது நாள் கோபத்துக்குக் காரணமாயிற்று.

பாரம் அனுப்பக் கெடு முடிய மூன்று நாள் இருக்கும்போது பெரியப்பா தம்முடைய பழைய காரில் நேரிலேயே வந்து இறங்கினார். கையில் ஒரு சாக்கு ரம்புத்தான் பழம், முகத்தில் தீர்ப்பு. அப்பா குளித்துக்கொண்டிருந்தார், அம்மா தேநீர் கலக்கப் போயிருந்தாள், அக்கா தன் அறையில் மூச்சுக் காட்டாமல் இருந்தாள். கூடத்தில் நானும் பெரியப்பாவும் மட்டும். நீதி கேட்க இதைவிட நல்ல நேரமும் இதைவிடப் பெரிய நீதிபதியும் கிடைக்கப் போவதில்லை.

"பெரியப்பா, அப்பா அக்காவுக்கு மட்டும் பெரியவங்க படம் போட்டுக் காட்டுனாரு. ஓட்டவே இல்ல. என்னைய ரொட்டி வாங்க அனுப்பிட்டாங்க."

எனக்கும் ஒரு படம் போடச் சொல்லி உத்தரவு வாங்கித் தருவார் என்பது என் எதிர்பார்ப்பு. ரம்புத்தான் உரித்துக்கொண்டிருந்த பெரியப்பாவின் விரல்கள் நின்றன. தலையைத் துவட்டிக்கொண்டே வந்த அப்பாவை அவர் உட்காரச் சொல்லவில்லை.

"என்னடா தம்பி இது. வயசுப் பொண்ணுக்கு நீயே போட்டுக் காட்டுனியாமே. ஜேபிக்குப் போனா கெட்டுப் போவும்னு நான் சொல்லிட்டு இருக்கேன். நீ வீட்லயே ஆரம்பிச்சிட்டியா?"

அடுக்களையில் கரண்டிச் சத்தம் நின்றது. அக்காவின் அறைக்கதவு ஒரு விரற்கடை திறந்து அப்படியே நின்றது. அப்பா என்னை ஒரு முறை பார்த்தார். அந்தப் பார்வையைப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை. இல்லை என்று அவர் சொல்லிவிடுவார், அல்லது மன்னித்துக்கொள்ளுங்கள் அண்ணே என்பார், அதோடு பாரத்தின் கதையும் முடியும் என்று எல்லாரும் எதிர்பார்த்தோம். இடையில் இது எப்படிப் பாரத்தின் கதை ஆனது என்று எனக்கு மட்டும் விளங்கவில்லை.

"ஆமாண்ணே. நான்தான் போட்டேன்."

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, அண்ணன் எதிரில் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். நான் பார்த்து அதுதான் முதல் தடவை.

"அது வெளியூருக்குப் போவுது. எது எப்படின்னு யாராச்சும் சொல்லணும்ல. அவங்கம்மாவ சொல்லச் சொன்னேன், முடியலங்குது. எனக்கும் வாய் வரல. அதான் படத்தச் சொல்ல விட்டேன். வேணும்னா நீங்க கூப்பிட்டுச் சொல்லுங்க. இப்பவே கூப்புடுறேன்."

இருநூறு பேரைக் காலையில் பெயர் கூப்பிடும் பிரட்டில் நிறுத்திக் குரலாலேயே வேலை வாங்கிய மண்டோர் எங்கள் பெரியப்பா. வாயைத் திறந்தார். ஒரு ரம்புத்தானைப் போட்டு மூடினார். இன்னொன்றை உரித்தார். அதன் கொட்டையை வெகுநேரம் சப்பினார். அதற்குள் அப்பா சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்து பாரத்தை எடுத்து, தொலைக்காட்சிப் பெட்டியின் மேலேயே வைத்து மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். பெரியப்பா கேட்டது ஒன்றுதான்.

"எந்தக் கிழமை கொண்டுபோய் விடணும்?"

அவருடைய காரில்தான் அக்கா போனாள். ஆயர் ஈத்தாம் தாண்டும்வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லையாம். பிறகு பேசியதும் ஆயர் ஈத்தாமில் வாங்க மறந்த பலகாரத்தைப் பற்றித்தானாம். நான் சொன்ன கோளால் அக்காவின் இடம் பறிபோகவில்லை, உறுதியாயிற்று என்பது அவள் போன அன்று இரவு என் சோற்றில் கல்லாகக் கிடந்தது. முழுப் படமும் அவளுக்கு, ஊரும் அவளுக்கு. எனக்குக் கிடைத்தது அவளுடைய அறை. அதில் அவளுடைய எண்ணெய் வாசனை போக ஒரு வருடம் ஆயிற்று.

சரி, என் முறை வரும் என்று காத்திருந்தேன். ஐந்து வருடம் கழித்து நானும் கோலாலம்பூருக்குப் படிக்கக் கிளம்பினேன். கிளம்புவதற்கு முந்திய வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்ததும் யாரும் சொல்லாமலே போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். அப்பா செய்தித்தாள் படித்தார். அம்மா ஊறுகாய்ப் போத்தலின் மூடியை இறுக்கிக்கொண்டிருந்தாள். வெட்கத்தை விட்டுக் கேட்டேவிட்டேன், எனக்குப் படம் இல்லையா என்று.

அப்பாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தார்.

"ஒனக்கு எதுக்குடா? நீ ஆம்பளப் புள்ள."

சரியான ஓரவஞ்சனை என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே பேருந்து ஏறினேன்.

ஆனால் அக்காமேல் பொறாமை என்று இத்தனை பத்தி எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். அன்று அந்தச் சன்னல் இடுக்கில் என் பொறாமை அக்காவோடு நிற்கவில்லை. படத்தில் வந்தவனின் கார் வெள்ளை நிறம். கதவைத் திறந்து ஒரு காலை மட்டும் வெளியே வைத்து, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் மாட்டுவான். இவனைப் போல இறங்க வேண்டும், இவனைப் போலப் பேச வேண்டும், பெண்கள் இப்படி உடனே ஏறிக்கொள்ள வேண்டும் என்று எனக்கு வாயூறியது. பிற்பாதியில் அந்தப் பெண் அழுதுகொண்டே இருந்தது சலிப்பாக இருந்தது. அவன் காரை மறுபடியும் காட்டமாட்டார்களா என்றுதான் பப்பாளி மரத்தடியில் குந்தியிருந்தேன். உள்ளே இருந்த மூன்று பேரும் பயந்துகொண்டிருந்தது அப்படி ஆசைப்படுகிற பையன்களை நினைத்துத்தான் என்பது எனக்குத் தெரியவில்லை. அந்தப் பையன்களில் ஒருவன் சன்னலுக்கு வெளியே இருக்கிறான் என்பது அவர்களுக்கும் தெரியவில்லை.