ஸ்டாப்வாட்ச் வரைந்த கோடு

வெள்ளக் கணிப்பு அலுவலகத்தில் அவரை எல்லோரும் ஸ்டாப்வாட்ச் என்றுதான் கூப்பிட்டார்கள். லிஃப்ட் வர எத்தனை விநாடி, மேலதிகாரி ஒரு பொய்யைச் சொல்லி முடிக்க எத்தனை விநாடி, எல்லாம் அவரிடம் உண்டு. பாவி மனிதர், அந்தப் பழக்கம்தான் குடியைக் கெடுத்தது.

பழைய மழை நாள் ஒவ்வொன்றும் ஒரு கோப்பாகக் கணித மென்பொருளில் சேமிக்கப்பட்டிருந்தது. மொத்தம் ஆயிரம். மழை வலுத்தால் அவற்றை ஒவ்வொன்றாக ஏற்றி, ஆறு எவ்வளவு உயரும் என்று கணித்துச் சொல்ல வேண்டும். ஆற்றின் தாழ்ந்த கரையில் அவருடைய தங்கையும் அவள் கணவரும் மரப்பட்டறை வைத்திருந்ததால், வெறும் சம்பளத்துக்காக அவர் இந்த வேலையைச் செய்யவில்லை.

திங்கட்கிழமை ஒரு கோப்பு அரை விநாடியில் ஏறும். போகப் போக நொண்டும். வாரக் கடைசியில் ஒன்று ஏறுவதற்குள் கொட்டாவி விட்டு முடிக்கலாம்.

"மெஷினுக்கும் வயசாகுதுய்யா. மாடிப்படி ஏறினா எனக்கே மூச்சு வாங்குது," என்று மேலதிகாரி கையை விரித்துவிட்டார்.

ஸ்டாப்வாட்ச் விடவில்லை. கோப்புகளில் கோளாறு இல்லை. ஹார்ட் டிஸ்க்கும் நன்றாகவே இருந்தது. ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு பிடிபட்டது. கணித்து முடித்த கோப்பை அழி என்று சொன்னாலும் மென்பொருள் எண்களை மட்டும் அழித்துவிட்டு, பெயர்களை உள்ளேயே வைத்துக்கொண்டது. புதிதாக வரும் ஒவ்வொரு கோப்பையும் அந்தப் பழைய பெயர்கள் அத்தனையோடும் சரிபார்த்தது. மூடித் திறந்தால் எல்லாம் சுத்தம். ஆனால் திறக்கப் பத்து நிமிடம் ஆகும் என்று வாரக் கடைசியைத் தவிர அங்கே யாரும் அதை மூடுவதே இல்லை.

வாயால் சொன்னால் மேலதிகாரி நம்ப மாட்டார், வரைபடம் வேண்டும். அதற்காக மூடாமலே நான்கு நாள் ஓடவிடுவது என்று தொடங்கி, அதே கோப்புகளைத் திரும்பத் திரும்ப ஏற்றி, நேரத்தைப் புள்ளி புள்ளியாகக் குறித்தார். கோடு நேராக ஏறியது. அவருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

மூன்றாம் நாள் காலை மழை கொட்டியது. அப்போதே மூடித் திறந்திருக்கலாம். கணிப்பு வரக் கூடுதலாக நாற்பது நிமிடம்தானே ஆகும், நிஜ மழையில் எடுத்த அளவென்றால் யாரும் வாயே திறக்க முடியாதே என்று மனிதர் ஆசைப்பட்டார். எழுநூறாவது கோப்பில் நினைவகம் நிரம்பியது. கோடு செங்குத்தாக எழும்பியது. பாதியில் மூடினால் எல்லாம் முதலிலிருந்து. தங்கைக்குப் போன் செய்யக் கை போனது. கணிப்பு வராமல் என்னவென்று சொல்வது? இதோ முடிந்துவிடும் என்று கையைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். எச்சரிக்கை இரண்டு மணி நேரம் பத்து நிமிடம் தாமதமாகப் போனது.

இரண்டு வாரம் கழித்து, தினமும் மூடித் திறக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அவருடைய வரைபடத்தைச் சுவரில் ஒட்டி, மேலதிகாரி முதுகில் தட்டிக்கொடுத்தார். அன்று மாலை ஸ்டாப்வாட்ச் தங்கை இருந்த வாடகை அறைக்குப் போனார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நேரம் இருக்குன்னு பலகையெல்லாம் மேல ஏத்திட்டு இருந்தாருண்ணா. திடீர்னு தண்ணி வந்து அவர அடிச்சிட்டுப் போயிடுச்சு. உங்க மெஷின் மெதுவாயிடுச்சாமே? உனக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா விட்டிருப்பியா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள்.

"தெரியும்மா. மூடித் திறந்தா சரியாயிருக்கும். நான்தான் மூடாம வெச்சிருந்தேன்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு மெல்லக் கேட்டாள். "மூடித் திறக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"பத்து நிமிஷம்."

அவள் கையை உருவிக்கொண்டாள். "கெளம்புண்ணா," என்றாள்.