புள்ளிக்காக உட்கார்ந்திருந்தவர்கள்

இரண்டு வருடங்களுக்கு முன், ஐப்பசி மழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. இடம், ராயபுரத்தில் ஒரு ஏசி கல்யாண மண்டபம். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். இப்படிச் சொன்னால் பாதிப் பேர் “பிசியோவா?” என்பார்கள். மீதிப் பேர் “வேலை வாங்கித் தருவீங்களா?” என்பார்கள். இரண்டும் இல்லை. பக்கவாதம் வந்தவர்கள், கையில் அறுவை சிகிச்சை ஆனவர்கள் மறுபடியும் தானே சோறு பிசைந்து சாப்பிட, தலை வார, தங்கள் தொழிலுக்குத் திரும்ப அவர்களைப் பழக்குவது எங்கள் வேலை. திருவொற்றியூரில் ஒரு சின்ன அறக்கட்டளை மருத்துவமனையில் இருக்கிறேன். துறைமுகம், கம்பெனிகள், மீன் மார்க்கெட் என்று சுற்றுவட்டாரமே கையை நம்பிப் பிழைக்கிற இடம். அதனால் நசுங்கிய கையும் வெட்டுப்பட்ட கையும் என்னிடம் வராத நாள் இல்லை.

சில வருடங்களுக்கு ஒருமுறை எங்கள் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்குப் பயிற்சி வகுப்புகளில் கலந்துகொண்டு புள்ளிகள் சேர்த்திருக்க வேண்டும். இந்த விதியை நான் குறை சொல்லவே மாட்டேன். கல்லூரியில் படித்ததை மட்டும் வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டினால் பாதிக்கப்படுவது நோயாளிதான். ஆனால் பல வகுப்புகள் இப்போது எப்படி ஆகிவிட்டன தெரியுமா? காலையில் வந்து வருகையைப் பதிய வேண்டும், மாலையில் கிளம்பும்போது மறுபடி பதிய வேண்டும். நடுவில் தூங்கினாலும் புள்ளி உண்டு, பக்கத்துக் கடைத்தெருவுக்குப் போய்ப் புடவை எடுத்துவிட்டு வந்தாலும் புள்ளி உண்டு. மேடையில் பாதி நேரம் பாடம், மீதி நேரம் யாரோ ஒருவரின் வியாபாரம்.

அந்த வருடம் என் புதுப்பிப்புக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது, புள்ளி குறைவாக இருந்தது. இந்த வகுப்புகள் எப்போதும் நகரத்தின் தெற்கே ஏதாவது பெரிய ஓட்டலில்தான் நடக்கும். முதன்முறையாக எங்கள் பக்கத்தில், அதுவும் கை மறுவாழ்வு பற்றி நடக்கிறது என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே பணம் கட்டிப் பெயர் கொடுத்தேன்.

வகுப்புக்குச் சில நாள் முன்பு அமைப்பாளர் போன் செய்தார்.

“உங்க ஏரியால கை கேஸ் நிறைய வருமே மேடம், ஒரு பேஷன்ட்டைக் கூட்டிட்டு வாங்களேன். வெளி ஸ்டேட்லேர்ந்து வர்ற நிபுணர் மேடையிலேயே பார்த்து ஆலோசனை சொல்வார். அவங்களுக்கும் நல்லதுதானே.”

எனக்கு உடனே ஞாபகம் வந்தது காசிமேட்டில் மீன் வெட்டும் ஒரு அக்கா. வஞ்சிரம் வெட்டும்போது கத்தி வழுக்கி உள்ளங்கையில் ஆழமாக இறங்கி, இரண்டு விரல்களை மடக்கும் தசைநாண்கள் அறுந்துபோயின. பெரிய ஆஸ்பத்திரியில் தைத்து அனுப்பியிருந்தார்கள். அப்படித் தைத்த தசைநாண் ஆரம்பத்தில் ஈரக் காகிதம் மாதிரி. கொஞ்சம் கொஞ்சமாக அசைக்கவும் வேண்டும், இழுத்து நிமிர்த்தவும் கூடாது. அதற்காகக் கையின் பின்பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் தடுப்பு செய்து கட்டியிருந்தேன். அப்போது தைத்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. இதை எல்லாம் அமைப்பாளரிடம் தெளிவாகச் சொன்னேன். “சும்மா பார்க்கத்தான் மேடம்” என்றார்.

அக்காவிடம் கேட்டேன்.

“பெரிய டாக்டரு பாக்குறாரா? அப்ப வரேம்மா. இந்த ரெண்டு வெரலும் வேலைக்கு ஆவுமா ஆவாதான்னு அவரு வாயால கேட்டுக்கினேன்னா எனக்கு ராவுல தூக்கமாவது வரும்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல புடவை கட்டி, தலையில் பூ வைத்து, கல்யாணத்துக்கு வருவதுபோல வந்தார் அக்கா. மண்டபம் நிறைந்திருந்தது. நகரத்தின் எல்லாப் பக்கத்திலிருந்தும் தெரபிஸ்டுகள் வந்திருந்தார்கள். கன்டெய்னர் லாரி நெரிசலில் மாட்டிக்கொண்டதைப் பற்றித்தான் எல்லாருக்கும் பேச்சு. “இங்கெல்லாம் மனுஷங்க எப்படி இருக்காங்களோ” என்று ஒரு அம்மா கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி சொன்னார். நான் இங்கேதான் பிறந்தேன், இங்கேதான் இருக்கிறேன் என்று சொல்ல நினைத்தேன். காலையிலேயே வம்பு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

அக்காவை என் பக்கத்தில் உட்கார வைத்திருந்தேன். அமைப்பாளர் வந்து, “பேஷன்ட் பின்னாடி இருக்கட்டும், கூப்பிடும்போது வந்தாப் போதும்” என்று சமையல்கட்டு வாசலுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டினார். அக்கா எழுந்து போனார். காலைச் சிற்றுண்டிகூட அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. நான் எடுத்துப் போய்க் கொடுத்தபோது, “பரவால்லம்மா, நீ போய்ப் பாடத்த கேளு” என்றார்.

பாடமா? நிபுணர் பேச ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்திலேயே விஷயம் விளங்கிவிட்டது. கையுறை மாதிரி ஒரு இயந்திரம். விரல்களில் மாட்டி, மின்சாரத்தில் ஓட்டினால் அதுவாகவே கையை விரித்து மூடும். பக்கவாதம் வந்தவர்களுக்கு அது உதவலாம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவர் பேச்சு முழுவதும் அதன் விலை, தவணை, எங்கள் மருத்துவமனைகளில் அதை வாங்க வைத்தால் எங்களுக்கு என்ன கிடைக்கும் என்பதுதான். மண்டபத்தில் பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு மைக்கில் “இப்போது நேரடியாகப் பார்க்கலாம்” என்று ஆங்கிலத்தில் சொன்னார். அக்காவை மேடைக்கு அழைத்துப் போனார்கள். நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவர் பெயரை யாரும் கேட்கவில்லை, என்ன நடந்தது, எப்போது தைத்தார்கள் என்றும் கேட்கவில்லை. நிபுணர் சைகையிலேயே தடுப்பைக் கழற்றச் சொன்னார். அக்கா என்னைத் தேடிப் பார்த்துச் சத்தமாகவே கேட்டார்.

“எம்மா, இத்த கயட்ட சொல்றாரு. கயட்டலாமா?”

வெட்டுக் காயத்தைப் பார்க்கப் போகிறார் என்று நினைத்து, சரியென்று தலையாட்டி, கையை மடக்கியே வைத்துக்கொள்ளும்படி சைகை காட்டினேன். ஆனால் தடுப்பு கழன்ற மறு நிமிடம் நிபுணரின் உதவியாளர் அந்தக் கையுறையை எடுத்து அக்காவின் விரல்களில் மாட்ட ஆரம்பித்தார்.

அந்த இயந்திரம் ஒருமுறை விரலை விரித்தால் போதும், தையல் பிய்ந்துவிடும். மறுபடி அறுவை சிகிச்சை, மறுபடி மாதக்கணக்கில் காத்திருப்பு. அப்போதும் விரல் மடங்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. “போடாதீங்க!” என்று கத்திவிட்டேன்.

நிபுணர் சிரித்துக்கொண்டே, கேள்விகளைக் கடைசியில் கேட்கலாம் என்றார். உதவியாளர் பட்டைகளை இறுக்கிக்கொண்டிருந்தார். நான் ஓடினேன். மேடைப் படியில் கால் இடறியது, கவலைப்படவில்லை. அக்காவின் கைக்குக் கீழே என் கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, இன்னொரு கையால் இயந்திரத்தின் ஒயரைப் பிடுங்கினேன்.

“தசைநாண் தைச்சு மூணு வாரம்தான் சார் ஆகுது. இதை ஓட்டினா அறுந்துடும்” என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

“குறைந்த வேகத்தில்தான் வைத்திருக்கிறோம், ஒன்றும் ஆகாது” என்றார் அந்த நிபுணர். மூன்று வாரம் என்று நான் சொன்ன பிறகும் அப்படித்தான் சொன்னார்!

நான் மண்டபத்தைத் திரும்பிப் பார்த்தேன். அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரும் இதைக் கல்லூரியில் படித்தவர்கள். பரீட்சையில் எழுதித் தேறியவர்கள். எனக்குச் சொல்லிக்கொடுக்கக்கூடிய அளவுக்கு அனுபவசாலிகளும் இருந்தார்கள். ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. சிலர் குனிந்துகொண்டார்கள். இரண்டு பேர் போனில் என்னைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

எழுந்தது அக்காதான். நான் கையுறையை மெதுவாகக் கழற்றித் தடுப்பைக் கட்டி முடிக்கும்வரை பொறுமையாக இருந்தார். அப்புறம் எழுந்து நிபுணரைப் பார்த்துக் கேட்டார்.

“இன்னா சார், உன் மிஷின ஓட்டிப் பாக்க என் கைதான் கெடச்சுதா? நான் மீனு வெட்டித்தான் சோறு துன்றேன். இந்தக் கை பூட்ச்சுனா என் வூட்ல அடுப்பு எரியுமா? இன்னா ஆச்சுன்னு ஒரு வார்த்த கேட்டியா நீ?”

நிபுணருக்குத் தமிழ் புரியவில்லை. மண்டபத்துக்கு நன்றாகவே புரிந்தது.

வெளியே வராந்தாவில் அமைப்பாளர் எங்களை வழிமறித்தார். அக்காவின் கை எப்படி இருக்கிறது என்று கேட்பார் என்று நினைத்தேன்.

“கெஸ்ட்டை இப்படியா அவமானப்படுத்துவீங்க? உள்ள வந்து ஸாரி சொல்லிட்டு உக்காருங்க. பாதியில போனா சர்டிபிகேட் கிடையாது, பாயின்ட்டும் கிடையாது.”

“மூணு வாரம்தான் ஆகுதுன்னு போன்லயே சொன்னேனே சார்?”

“அதெல்லாம் அவர்கிட்ட சொல்ல டைம் இல்ல மேடம். ஒண்ணும் ஆகலையே, விடுங்க.”

ஒன்றும் ஆகவில்லையாம்! ஆகாமல் தடுத்ததற்குத்தான் நான் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். புதுப்பிக்காவிட்டால் வேலைக்கு வர முடியாது என்று எங்கள் மருத்துவமனையில் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். எல்லாம் கண் முன்னால் வந்து போனது. ஆனாலும் கால் உள்ளே போக மறுத்தது. அக்காவைக் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் நேராக எங்கள் மருத்துவமனைக்குப் போய், விரல்களை ஒவ்வொன்றாகச் சோதித்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. தையல் பத்திரமாக இருந்தது.

“என்னால உனக்கு பேஜாரு ஆயிட்ச்சே” என்று அக்கா வருத்தப்பட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. தப்பு செய்தவர்கள் ஏசியில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிடுகிறார்கள், வருத்தப்படுவது இவர்.

பதிவு அலுவலகத்துக்குப் புகார் எழுதினேன். அந்த வகுப்பு முறையாக அனுமதி பெற்றது, சான்றிதழ் விஷயத்தை அமைப்பாளரிடமே பேசிக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. நோயாளியைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. அன்று காலையில் வருகையைப் பதிந்துவிட்டுக் கடைத்தெருவுக்குப் போன என் பழைய வகுப்புத் தோழிக்கு முழுப் புள்ளிகளும் வந்திருந்தன. அவளே போனில் சிரித்துக்கொண்டு சொன்னாள். அன்று மண்டபத்தில் இருந்த இன்னொருவர், “நீங்க செஞ்சது ரொம்ப சரி மேடம்” என்று தனியாக வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அதை அங்கே எழுந்து சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

கடைசியில், புதுப்பிக்கும் நாள் முடிவதற்குள் வேலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் தீக்காயக் கைகளைப் பற்றி நடந்த வகுப்பு கிடைத்தது. மின்விசிறி மட்டும் ஓடிய சாதாரண வகுப்பறை. விற்க யாரும் வரவில்லை. நோயாளிகளை உட்கார வைத்து, பெயர் கேட்டு, தொட அனுமதி கேட்டு, பிறகு பாடம் எடுத்தார்கள். அங்கே கற்றதை இன்றும் பயன்படுத்துகிறேன். இப்படியும் நடத்த முடிகிறது என்று தெரிந்தபோது ராயபுரத்தில் நடந்ததை நினைத்து எனக்குக் கோபம் இன்னும் கூடியது. பதிவு புதுப்பிக்கப்பட்டது.

அக்கா நாலைந்து மாதத்தில் காசிமேட்டுக்குத் திரும்பிவிட்டார். ஒரு விரலின் நுனி மட்டும் முழுதாக மடங்காது. கத்தியை இறுகப் பிடிக்கிறார், கனமான மீனையும் துண்டு போடுகிறார்.

நான் இப்போதும் பயிற்சி வகுப்புகளுக்குப் போகிறேன், போகத்தான் வேண்டும். ஆனால் உள்ளே நுழைந்ததும் மேடையில் யார் இருக்கிறார் என்று பார்ப்பதை விட்டுவிட்டேன். எனக்கு அக்கம்பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்து, ஒரு கை கெடப்போகிறது என்றால் இவர்களில் யார் எழுந்திருப்பார்கள் என்றுதான் ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்கிறேன்.