ஒட்டாத நோய்
பெரிய ஓட்டல் ஒன்றின் தரைக்கு அடியில், ஜன்னலே இல்லாத சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. கூட இருப்பவர்கள் வைத்த பேர் தும்மல் மகாராணி. மாடியில் யாராவது இருமினால் கீழே இவளுக்கு மூக்கு ஒழுகும் என்று கிண்டல் பண்ணுவார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். வீட்டுக்குக் கிளம்பும்போதுதான் மூக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்வாள்.

காரணம் அவள் வீட்டுக்காரர். லாரியை விட்டு எவ்வளவோ காலமாகியும் தெருவுக்கு அவர் இன்னும் டிரைவர்தான். தம்பி கொடுத்த கிட்னியில் ஓடிக்கொண்டிருக்கிறது அவர் வண்டி. அதை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கத் தினமும் மாத்திரை. அந்த மாத்திரையோ எதிர்ப்புச் சக்தியைப் படுக்கப் போட்டுவிட்டது. அவளுக்கு மூக்கடைப்பு என்றால் அவருக்கு ஆஸ்பத்திரி. போன தடவை இவள் கொண்டுவந்த சளி அவர் நெஞ்சில் இறங்கி, மனுஷன் மறுபிழைப்பு பிழைத்து வந்தார். அதிலிருந்து ஒரு தும்மல் வந்தால் போதும், பாயைச் சுருட்டிக்கொண்டு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிடுவாள். உள்ளேயிருந்து இவள் போன் பண்ண, முன்னறையில் அவர் எடுப்பார். ஒரே வீட்டுக்குள் போனில் சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டி வேறு எங்கே இருக்கப்போகிறார்கள்?

இந்தச் சமையலறைச் சிறைவாசம் அடிக்கடி வர ஆரம்பித்ததும் வெறுத்துப்போய் டாக்டரம்மாவிடம் போனாள்.

"வெயில் உங்க மேல படுமாம்மா?"

"வெயிலா? விடியறதுக்குள்ள கீழ இறங்குவேன். இருட்டினப்புறம் மேல வருவேன்."

ரத்தத்தைச் சோதித்தால் வைட்டமின் டி அடிமட்டத்தில் கிடந்தது. டாக்டரம்மா வாரத்துக்கு ஒன்று என்று மாத்திரை எழுதினார்.

"இதைப் போட்டா சளி பிடிக்காதுல்ல?"

"சத்தியமெல்லாம் பண்ண மாட்டேன். இது ரொம்பக் குறைஞ்சவங்களுக்கு வைரஸ் சளி சுலபமா தொத்துதுன்னு சில ஆராய்ச்சி சொல்லுது. போட்டா பெருசா வித்தியாசம் இல்லைன்னும் சிலது சொல்லுது. எப்படியும் உங்க எலும்புக்கு வேணும், போடுங்க."

அவள் காதில் முதல் பாதிதான் ஏறியது. சலவைக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. லேசான கறைக்கு அளவாகப் பவுடர். அழிச்சாட்டியம் பண்ணுகிற கறை என்றால் அளவும் கிடையாது ஒன்றும் கிடையாது, அள்ளிக் கொட்டி ஊறப் போடு, போகாமல் எங்கே போகும்? தன் உடம்பும் அந்த ரகம்தான் என்று அவளாகவே முடிவு கட்டிவிட்டாள். வார மாத்திரையைத் தினமும் விழுங்கினாள். தீரத் தீர மருந்துக்கடையில் வாங்கிக்கொண்டாள். டிரைவரிடம் மூச்சு விடவில்லை.

மழைக்காலம் வந்தது. சலவைக்கூடத்தில் ஆளுக்கு ஆள் சளி பிடித்துப் படுத்தார்கள். மகாராணி மட்டும் கிண்ணென்று நின்றாள். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்புறம்தான் ஆரம்பித்தது. எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் தாகம். வயிறு இறுகிப்போய், சோற்றைப் பார்த்தாலே குமட்டல். ஒரு நாள் வாந்தி நிற்கவே இல்லை. 'போச்சு, புது வைரஸ் ஏதோ வந்துடுச்சு' என்று பாயோடு சமையலறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கத் தெம்பில்லை. டிரைவர் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு கதவை உடைத்துவிட்டார்.

ரத்தச் சோதனைத் தாளைப் பார்த்த டாக்டரம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"வாரத்துக்கு ஒண்ணுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. அந்த மாத்திரை அளவு மிஞ்சினதால உடம்புல கால்சியம் எகிறிப்போய்க் கிடக்கு. கிட்னியே கெட்டிருக்கும். வீட்ல ஒருத்தர் படுற பாடு போதாதா?"

சலைன் ஏறிக்கொண்டிருந்த கையோடு அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"டாக்டரம்மா, இது ஒட்டுமா?"

"என்னது?"

"இவருக்கு. ஒட்டுமா?"

"மாத்திரையை அள்ளி முழுங்கினது எப்படிம்மா ஒட்டும்?"

சில நாள் படுக்கப் போட்டு, மாத்திரையை நிறுத்தி, உடம்பு தேறியதும் அனுப்பினார்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் பழக்கதோஷத்தில் அவள் கை பாய்க்குப் போனது.

"எங்க கிளம்பிட்டே?" என்றார் டிரைவர். "கதவே இல்ல அங்க. இங்க உக்காரு. உன்னை இன்னைக்குப் போன் இல்லாம திட்டணும்."

உட்கார்ந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அவர் திட்ட ஆரம்பித்தார். சாப்பாடு ஆறுகிற வரைக்கும் திட்டினார்.