நான் விரதம் இருந்தேன், ரயில் நின்றது

1

"ஆண்டவரே, பொறுமையைத் தாரும்" என்று விழுப்புரம் சபையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழங்காலில் நின்று கேட்டேன். திங்கட்கிழமை காலையிலேயே பதில் வந்துவிட்டது. லோகோ ஷெட்டில் என்னை டிரைவர் கோவிந்தசாமிக்குப் பயர்மேனாகப் போட்டிருந்தார்கள். ஜெபத்தில் எதைக் கேட்கிறோம் என்பதில் கவனம் வேண்டும், தம்பிகளே.

ஐம்பதுகளின் கடைசி அது. கரண்டு வண்டி இன்னும் வராத காலம். நரகத்தின் கிளை அலுவலகம் போல எரியும் ஃபயர் பாக்ஸில் ஷாவலால் கரி அள்ளி வீசுவது என் வேலை. நான் வீசுவதைப் பார்த்துத் திட்டுவது கோவிந்தசாமி அண்ணன் வேலை. இருவருமே கடமை தவறியதில்லை.

ஷெட்டில் என்னைப் 'பாதிரி' என்பார்கள். மரியாதையால் அல்ல. என் பையில் எப்போதும் வேத வசனம் அச்சடித்த கைப்பிரதிகள் இருக்கும். அசையாமல் நிற்கிற எவனுக்கும் ஒன்று கொடுத்துவிடுவேன். அடுத்தவன் பாரத்தைச் சுமப்பது பற்றிய ஒன்றை அண்ணனுக்கும் கொடுத்தேன். அவர் அதைக் கொண்டு, பாய்லரில் தண்ணீர் அளவு காட்டும் கேஜ் கண்ணாடியைத் துடைத்தார்.

"நல்லாத்தான் தொடைக்குது பாதிரி. இன்னொண்ணு குடு."

2

ஈஸ்டருக்கு முந்தைய விரத காலமான லெந்து நாட்கள் வந்தன. நாற்பது நாளும் பகலில் பச்சைத் தண்ணீர் மட்டும் என்று தீர்மானித்தேன். விரதத்தை வெளியே காட்டிக்கொள்ளக் கூடாது என்பது வேதம். ஆகவே அண்ணன் நீங்கலாக, ஷெட்டில் இருந்த இருபது பேரிடம் மட்டுமே சொன்னேன்.

நெருப்பைக் குறையவிட்டு வண்டியைத் தாமதமாக்கியதற்காக, என் பேரில் ஏற்கெனவே இரண்டு முறை 'ஸ்டீம் ஃபெயில்' எழுதியிருந்தார்கள். மூன்றாவது எழுதினால் மறுபடி கிளீனர். இன்ஜின் அடியில் படுத்துச் சாம்பல் வழிக்க வேண்டியதுதான். ஆறு வருடம் படுத்து எழுந்தவன் நான்.

பங்குனி வெயிலில், திண்டிவனம் போகும் வழியில், மயிலம் தாண்டியதும் எனக்குக் கண் இருட்டியது. ஷாவல் இரண்டாகத் தெரிந்தது. கரி அள்ளுவதற்குப் பதில் கண்ணை மூடி ஜெபித்தேன். ஸ்டீம் முள் மளமளவென்று இறங்கியது. பிரேக்கை விலக்கி வைத்திருக்கும் வாக்குவம் விழுந்து, பிரேக் தானே பிடித்து, வண்டி மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விளையும் கொல்லைக்கு நடுவே நின்றது.

"டேய் பாதிரி! தூங்கறியா?"

"ஜெபம் பண்றேண்ணே."

"நெருப்பு உன் ஜெபத்துலயா எரியுது? காலைல என்னாடா துன்ன?"

"விரதம்ணே."

என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் தூக்குச் சட்டியை என் மடியில் வைத்தார். கேப்பைக் கூழ். ஷாவலைப் பிடுங்கிக்கொண்டு, ஐம்பத்தைந்து வயதில், தானே கரி போட்டார்.

"ஜல்தி குடி. உங்க சாமி கேட்டா என் பேரைச் சொல்லு."

குடித்தேன். சட்டி காலியான பிறகுதான் அது அவருடைய பகல் சாப்பாடு என்பது நினைவுக்கு வந்தது.

திண்டிவனத்துக்கு நாற்பது நிமிடம் லேட். ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தார் அண்ணன். நான் மனதுக்குள் சாம்பல் வழிக்கத் தொடங்கிவிட்டேன். அவர் எழுதியது இது: 'டிரைவர் தவறு. ஸ்டீமை அதிகம் செலவழித்துவிட்டேன்.'

"ஏண்ணே?"

"உன்ன எறக்கிட்டா, புதுசா ஒருத்தன திட்டிப் பழகணும். பேஜாரு."

3

அந்த ரிப்போர்ட்டால், மெயில் வண்டி ஓட்டியவரை ஒரு மாதம் யார்டில் ஷண்டிங்குக்குப் போட்டார்கள். காலி வேகனை முன்னும் பின்னும் தள்ளும் வேலை. நேற்று வந்த பையன்கள் சிரித்துக்கொண்டு போனார்கள். பயர்மேனாக நானும் கூட நின்றேன். உண்மையை எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்று இரண்டு முறை சொன்னேன். "கையை ஒடிச்சுடுவேன்" என்றார். அந்த மாதம் என் பையிலிருந்து ஒரு கைப்பிரதிகூட வெளியே வரவில்லை. நான் வாயளவில் வைத்திருந்ததை அவர் செய்தே காட்டிவிட்ட பிறகு, எந்த முகத்தோடு நீட்டுவது?

மறு வருடம் லெந்து வந்தது. மூன்று நாள் அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா பாதிரி, இந்த வருசம் விரதம் இல்லியா?"

"இருக்குதுண்ணே. பேசறத விட்டிருக்கேன்."

கோவிந்தசாமி அண்ணன் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரை விட்டுவிட்டு, இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கிக் கும்பிட்டார்.

"உங்க சாமிக்கு சக்தி இருக்குதுடா!"

என் ஊழியத்தில் கிடைத்த ஒரே சாட்சி அதுதான்.